ஓய்வு நேரம்: துப்பாக்கி வாங்குமுன்

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நான்கு பக்கம் நீண்டது. எழுதியவர் மயூர் விகாரில் வாழும் அன்பர். தென்காசிப் பக்கத்திலிருந்து தலைநகருக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றனவாம். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் நடந்த கோடை முகாமில் காற்றுத் துப்பாக்கியை முதன்முறையாகக் கையில் எடுத்தவள், அன்று முதல் அதே நினைவாக இருக்கிறாள். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் இனி முன்னேற முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அவர் குறிப்பிட்டிருப்பது ஜெர்மனியில் செய்தது. விலை இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டும். வைப்பு நிதியிலிருந்து கடன் எடுக்கலாமா, மரக்கட்டை பொருத்தியது நல்லதா, அலுமினியக் கட்டை பொருத்தியது நல்லதா என்று மூன்றே முக்கால் பக்கத்துக்கு அன்பர் கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் வேறொரு மையில், வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "வீட்டில் சின்னப் பையனும் இருக்கிறான். துப்பாக்கியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா?"

அந்த வரி அன்பரின் மனைவியார் எழுதியது என்பதில் ஐயமில்லை. கணவர் கடிதத்தை மடிக்கப் போகும் நேரத்தில் வாங்கி எழுதினார் போலும். மூன்றே முக்கால் பக்கத்துக்கு விடை சொல்லுமுன் அந்த ஒரு வரிக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

இப்பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர்கள் அறிவர். நாம் ஞாயிறுதோறும் துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்துக்குச் செல்லும் வழக்கமுடையோம். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காக எழுந்த இடம் அது. ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டுக்காகச் சுட்டவரும், 1962இல் கெய்ரோ நகரில் உலகப் போட்டியில் வெள்ளி வென்றவருமான பிகானேர் மன்னரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மன்னர்களின் பொழுதுபோக்கு குமாஸ்தாக்களின் பொழுதுபோக்காக மாறியதற்கு நாமே ஒரு சான்று. கைத்துப்பாக்கியில் நாம் பெற்ற பத்துகளைப் பற்றியும் தவறவிட்ட பத்துகளைப் பற்றியும் இப்பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறோம். எழுதாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு.

பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு நாம் முனிர்க்காவில் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். சுடுதளம் செல்லாத நாட்களில் மாலை வேளையில் அறைக் கதவின் மேல் கருப்புப் புள்ளி ஒன்றை ஒட்டி, குண்டு இடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவோம். இதனை வெற்றுச் சுடுதல் என்பர். இவ்விளையாட்டில் பாதிப் பயிற்சி இதுவே. போட்டித் துப்பாக்கிகளில் காற்று வெளிப்படாமல் விசை மட்டும் இயங்குவதற்கென ஒரு சிறு மாற்றி இருக்கும். அன்று காலை சுடுதளத்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டபோது குழாயில் ஒரு குண்டு தங்கிவிட்டது. மாலையில் அந்த மாற்றியைத் திருப்பவும் மறந்துவிட்டோம். இரண்டு மறதிகளும் ஒன்று சேர்ந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த தமக்கையின் மகன், ஆறு வயதுப் பையன், ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அந்தக் கதவைத் திறந்து மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான். குண்டு கதவுப் பலகையில் பதிந்து நின்றது. பிறகு அளந்து பார்த்தோம். பையன் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவன் பின்னாலேயே கையில் தோசைத் தட்டுடன் வந்துகொண்டிருந்த தமக்கையாருக்கு அது கழுத்தின் உயரம்.

அன்றிரவு அந்தத் துளையின் மேல் ஒரு நாட்காட்டியை மாட்டினோம். டிசம்பர் முடிந்த பின்பும் அதைக் கழற்றவில்லை. வீட்டைக் காலி செய்தபோது, ஆணி அடித்ததில் பலகை பெயர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அதற்குரிய பணத்தைக் கொடுத்தோம். மனைவிக்கு மூன்று ஆண்டுகள் கழித்துச் சொன்னோம். தமக்கையார் இந்த இதழைப் படித்துத்தான் அறியப் போகிறார். மயூர் விகார் அம்மையாரின் ஒரு வரி வந்திராவிட்டால் இன்னும் எழுதியிருக்க மாட்டோம்.

ஆகவே அம்மையாருக்கு நாம் சொல்வது: வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாவி தங்களிடம் இருக்க வேண்டும். கணவரிடமும் அன்று, மகளிடமும் அன்று. துப்பாக்கி தன் பெட்டியில், பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குண்டுகள் வேறோர் இடத்தில், வேறொரு பூட்டுக்குள் இருக்கட்டும். துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் மகள் குழாயைத் திறந்து தங்களிடம் காட்ட வேண்டும். தாங்கள் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. பாதுகாப்புக் கயிறு என்று ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறத்தில் குழாயின் முழு நீளத்துக்கும் நுழைந்து இரு முனையிலும் வெளியே தெரியும் நைலான் கயிறு அது. அது நுழைந்திருந்தால் உள்ளே குண்டு இல்லை என்று பொருள். பன்னாட்டுப் போட்டி விதிகளே இதனைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. புல் வெட்டும் பொறிக்கு விற்கும் நைலான் இழையை வாங்கி வெட்டிக்கொண்டாலும் போதும். பத்து ரூபாய்கூட ஆகாது. நாம் அறிந்த துப்பாக்கிக் கருவிகளிலேயே இதற்கு மேல் மதிப்புடையது வேறொன்றும் இல்லை. அன்று அது நம் குழாயில் இருந்திருந்தால் நாட்காட்டிக்கு வேலை இருந்திராது.

வெற்றுச் சுடுதலுக்குக் கதவை நோக்கி நிற்கலாகாது. சன்னலை நோக்கியும் கூடாது. பின்னால் செங்கல் சுவர் இருக்க வேண்டும். அடுத்த வீட்டாரின் படுக்கையறையைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பாக அது இருக்கக் கூடாது. இதைக் காற்றுத் துப்பாக்கிதானே என்று எளிதாக எண்ணிவிடுவோர் பலர். போட்டித் துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அரைக் கிராம் எடையுள்ள ஈயந்தான் அது. ஆயினும் கண்ணுக்கு அந்த அரைக் கிராம் போதும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. தோட்டா இட்டுச் சுடும் .22 முதலியவற்றுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டா என்பதால் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்று பொருளாகாது. வாங்கிய சீட்டையும் சங்க உறுப்பினர் அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள். பெட்டியுடன் மெட்ரோவில் ஏறிவிடலாம் என்று நம்பி வர வேண்டா. மயூர் விகாரிலிருந்து துக்ளகாபாத்துக்கு ஆட்டோக் கூலியையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்பர் போட்டிருந்த கணக்கில் அது இல்லை.

இனி அவருடைய மூன்றே முக்கால் பக்கத்துக்கு வருவோம். வைப்பு நிதியைத் தொட வேண்டா. பதினான்கு வயதுக் குழந்தை இன்னும் வளரும். கை நீளும், கழுத்து நீளும். நல்ல துப்பாக்கியில் தோள்தட்டும் கன்னக்கட்டையும் நகர்த்தி அமைக்கத்தக்கவை என்பது உண்மையே. எனினும் ஓர் ஆண்டு சுடுதளத்துத் துப்பாக்கியிலோ வாடகைத் துப்பாக்கியிலோ சுடட்டும். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குத் தானாக எழுகிறாளா, ஜனவரிப் பனியில் எழுகிறாளா, மதிப்பெண் இறங்கிய வாரத்துக்கு அடுத்த வாரமும் எழுகிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு மரக்கட்டையா அலுமினியமா என்று பேசலாம். அப்போது கேட்டாலும் நம் விடை, எது அவள் தோளுக்குப் பொருந்துகிறதோ அது என்பதாகவே இருக்கும். 5.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் உச்ச எடையைத் தாங்கி அறுபது முறை நிற்கக்கூடிய இடுப்பு அந்த வயதில் எல்லோருக்கும் இராது.

பயிற்சியாளர் சொன்னதில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பத்து மீட்டர் காற்று ரைபிள் இலக்கில் பத்தாம் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. எறும்பின் தலையளவுகூட இல்லாத அதை நல்ல கருவியின்றி நாள்தோறும் தொடுவது கடினம். ஆனால் முதல் ஆண்டில் குழந்தையிடம் ஏற்படும் பிழை அரை மில்லிமீட்டர்ப் பிழையன்று, அரை அங்குலப் பிழை. அதனை ஜெர்மனித் துப்பாக்கி திருத்தாது. மேலும் கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் கைவிடக்கூடியதே. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் கைத்துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. மணித்துளிகள் கழிந்துகொண்டிருக்க, அதைச் சரிசெய்துகொண்டு வந்து சுட்டும் இறுதிச் சுற்றுக்குப் போக இயலவில்லை. அவரே 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை ஒரு தடவையேனும் துப்பாக்கி பழுதாகி வரிசையில் நின்றவர்கள் ஒருவாறு ஊகிக்கலாம்.

முதல் ஆண்டில் எதற்குச் செலவு செய்யலாம் என்று கேட்டால், காலணி என்போம். தட்டையான அடி உடைய ரைபிள் காலணி. இதனை அணிந்துகொண்டு நடப்பவர் வாத்தைப் போலத்தான் நடப்பார்; குழந்தை வெட்கப்படுவாள்; தோழிகள் சிரிப்பார்கள். அதை வெளியில் அணிந்து நடந்தால் அடி தேய்ந்து பயனற்றுப் போகும். ஆதலால் சுடும் இடத்தில் மட்டும் அணியட்டும். அடுத்தது தடித்த மேற்சட்டை. கித்தானும் தோலும் வைத்துத் தைத்த அந்தச் சட்டையை மே மாதத்துத் தில்லியில் அணிந்து நிற்பவரைக் கண்டால் இரக்கம் தோன்றும். வளரும் பிள்ளைக்குப் புதிதாகத் தைக்க வேண்டா. ஓராண்டு பெரியவளாகிவிட்ட மற்றொரு பெண்ணின் சட்டை கிடைக்கும். வியர்வை பட்டதை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். துணியின் தடிப்புக்கு 2.5 மில்லிமீட்டர் என்று வரம்பு உண்டு. வாங்குமுன் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். போட்டி நாளன்று சட்டை தள்ளுபடியாகி நிற்கும் குழந்தைகளின் முகத்தை நாம் கண்டிருக்கிறோம்.

காற்று உருளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதனுள் 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் இருநூறு மடங்கு, அடைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேலேயே தேதி பொறித்திருக்கும். செய்தவர்கள் பெரும்பாலும் பத்தாண்டு ஆயுள் குறிக்கிறார்கள். பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குழாயை அன்று, இந்தத் தேதியை. ஜூன் மாதத்தில் மூடிய காரின் பின்புறத்தில் அதைப் போட்டுவிட்டுக் கலியாண விருந்துக்குப் போகாதீர்கள்.

குண்டு ஈயம் என்பதை மறவாதீர்கள். சுட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. குண்டை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து இடும் பழக்கம் சில பெரியவர்களிடமே இருக்கிறது. குழந்தைகள் அதைப் பார்த்துக் கற்கிறார்கள். அம்மையாரின் சின்னப் பையன் கைக்கு எட்டும் இடத்தில் குண்டு டப்பா இருக்கக் கூடாது என்று நாம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சுடுதளத்துச் சிற்றுண்டிச் சாலையில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் கை கழுவப் போனவரைப் பார்த்து, மதராசிகள் ஆசாரம் மிக்கவர்கள் என்று ஒருவர் வியந்தார். ஆசாரமன்று ஐயா, ஈயம் என்றோம்.

கண்ணாடியைப் பற்றி நம் வயதொத்த அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்தைக் கடந்தவர் இலக்கையும் முன்குறியையும் ஒருசேரத் தெளிவாகக் காண இயலாது. காண வேண்டியது முன்குறியை. இலக்கு மங்கினால் மங்கட்டும். தூரப் பார்வைக் கண்ணாடியின் எண்ணோடு அரையோ முக்காலோ கூட்டிச் சுடுவதற்கென்று ஒரு வில்லை செய்து தரும்படி கண் மருத்துவரைக் கேளுங்கள். மேலே தூரமும் கீழே கிட்டமும் கலந்த கண்ணாடியோடு நாம் இரண்டு ஆண்டுகள் போராடி, துப்பாக்கியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டுப் பயிற்சிக்குப் பொருள் செலவு வேண்டா. கைத்துப்பாக்கி ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர்த் தண்ணீர்ப் புட்டியும் அவ்வளவே. கையை நீட்டி அதைப் பிடித்து நில்லுங்கள். குக்கர் மூன்று விசில் விடும் வரையில் ஒற்றைக் காலில் நிற்பதும் நல்ல பயிற்சி; நம் வீட்டில் இப்போது நகைப்பார் இல்லை. காப்பியைப் பற்றிச் சொல்லத்தான் மனம் வரவில்லை. சுடும் நாள் காலையில் வடிகட்டிக் காப்பி குடித்தால் நாடித் துடிப்பு முன்குறியில் தெரிகிறது. பதினான்கு ஆண்டுகளாக ஞாயிறு காலை காப்பியின்றி வீட்டை விட்டுப் புறப்படுகிறோம். கும்பகோணத்தில் பிறந்தவன் இவ்விளையாட்டுக்குக் கொடுத்த விலையில் பெரியது இதுவே என்று நண்பர்கள் சொல்வதுண்டு.

புறாத் தொல்லைக்குக் காற்றுத் துப்பாக்கி வாங்கலாமா என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்கிறார். வலை கட்டுங்கள். குரங்குக்கும் அதே விடைதான். உணவை வெளியில் வைக்காதீர்கள். பால்கனியிலிருந்து உயிரின் மேல் சுடுபவரோடு இப்பகுதிக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பெண் குழந்தை, வெளி மாநிலம், படிப்பு என்று அன்பர் தம் கடிதத்தின் நடுவே தயங்கியிருக்கிறார். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். குடும்பம் குடிபெயர்ந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். நம் பிள்ளைகளைப் போலவே வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாக வளர்ந்தவர் என்று கொள்ளலாம். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். 2024இல் பாரிசில் தகுதிச் சுற்றில் பத்தாம் இடம் பெற்றார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம். அறுபது குண்டுகள் சுட்டு, 630.7 என்று எண்ணிக்கை காட்டி, அதாவது ஒரு குண்டுக்குச் சராசரியாகப் பத்தரைக்கு மேல் பெற்று, வெளியே நிற்க நேர்ந்தது. இதை மகளிடம் பேசும்போது தங்கத்தை மட்டும் சொல்லாமல் பத்தாம் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டபின்னும் அவள் ஞாயிறு காலை எழுந்தால் ஓராண்டு கழித்து நமக்கு மறுபடி எழுதுங்கள். எந்தத் துப்பாக்கி என்று அப்போது ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம்.

வருகிற ஞாயிறு எட்டு மணிக்கு நாம் பத்து மீட்டர்க் கூடத்தில் இருப்போம். மூவரும் வாருங்கள், சின்னப் பையனையும் அழைத்து வரலாம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பார்வையாளர் வரிசை உண்டு. அம்மையார் விரும்பினால் குழாயைத் திறந்து பார்ப்பது எப்படி, கயிறு நுழைப்பது எப்படி என்று முதலில் அவருக்குக் காட்டிவிட்டுப் பிறகு மகளுக்குக் காட்டுகிறோம். அங்குள்ள தேநீர் சுமார்தான். காப்பியை வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள், தாங்கள் சுடப் போவதில்லை அல்லவா?